டைரக்ட் ஷியரில் 38 பாகை, போர் துளையில் அடி எண்ணிக்கை 8: திருவொற்றியூர் மணலுக்கு எந்த எண்ணை எடுப்பது?

ஒற்றியூர்ப் பொறியாளன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூரில், நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட குடியிருப்புக்கு அடித்தளம் வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மண் ஆய்வு அறிக்கையைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. மேலே அரை மீட்டர் நிரப்பு மண், அதன்கீழ் 7 மீட்டர் வரை பழுப்பு நிற மணல், அதற்கும் கீழே களிமண். நிலத்தடி நீர் 1.8 மீட்டரில் நிற்கிறது. எஸ்.பி.டி. அடி எண்ணிக்கை (துளைக்குள் மாதிரிக் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கத் தேவைப்படும் அடிகள்) 1.5 மீட்டரில் 8, 3 மீட்டரில் 9, 4.5 மீட்டரில் 11.

சிக்கல் ஆய்வகப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. 1.5 மீட்டர் ஆழத்து மாதிரிக்கு டைரக்ட் ஷியர் சோதனையில் (இரு பாதிகள் கொண்ட பெட்டியில் மண்ணை நிரப்பி, ஒரு பாதியைத் தள்ளி நறுக்கும் சோதனை) உராய்வுக் கோணம் 38 பாகை என்றும், கொஹீஷன் (ஒட்டுவலிமை) சதுர செ.மீ.க்கு 0.05 கிலோ என்றும் எழுதி, அந்த 38-ஐ வைத்தே தாங்குதிறனையும் கணக்கிட்டுவிட்டார்கள். அடி எண்ணிக்கையைக் கொண்டு, தாங்குதிறனுக்கான இந்திய விதித்தொகுப்பான ஐ.எஸ். 6403-இன் வரைபடத்தைப் பார்த்தால் 30 பாகையை ஒட்டித்தான் வருகிறது. ஆய்வகத்தில் அளந்ததுதான் உண்மையான மதிப்பு, வரைபடம் வெறும் தோராயம் என்று ஒப்பந்தக்காரர் வாதிடுகிறார். எதை எடுத்துக்கொள்வது? டிரையாக்சியல் சோதனை (மண் உருளையைச் சுற்றிலும் அழுத்தி, மேலிருந்தும் அழுத்துவது) செய்தால் தெளிவு பிறக்குமா?

ஷியர் பெட்டி எழுதியது:

தம்பி, அந்த 38 பாகைக்குப் பக்கத்தில் சோதனை மாதிரியின் உலர் அடர்த்தி எழுதப்பட்டிருக்கிறதா? முதலில் அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒற்றியூர்ப் பொறியாளன் எழுதியது:

இல்லை ஐயா. "ரீமோல்டட் மாதிரி" (கலைந்த மண்ணை மீண்டும் நிரப்பியது) என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. செங்குத்து அழுத்தம் 0.5, 1.0, 1.5 கிலோ என மூன்று புள்ளிகள் வரையப்பட்டுள்ளன.

ஷியர் பெட்டி எழுதியது:

அப்படியென்றால் அந்தச் சோதனை பெட்டியை நிரப்பியவரின் கையைத்தான் அளந்திருக்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழுள்ள சுத்தமான மணலைக் குலையாமல் எடுத்து வருவது வழக்கமான துளையிடும் முறைகளில் இயலாத காரியம். ஸ்பிளிட் ஸ்பூனில் (எஸ்.பி.டி.யில் அடித்து இறக்கும் பிளவுக் குழாயில்) வருவதைப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டுகிறோம். ஆய்வகத்தில் அதை அடுப்பில் உலர்த்திச் சலித்துப் பெட்டியில் கொட்டுகிறோம். தரைக்குள் அந்த மணிகள் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்ற செய்தி அந்தப் பைக்குள் வருவதே இல்லை.

நெருக்கம் எவ்வளவு சிறிய அளவில் மாறும் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். நம் ஆய்வகங்களில் உள்ள பெட்டி 6 செ.மீ.க்கு 6 செ.மீ., மாதிரியின் உயரம் 2.5 செ.மீ., ஆகக் கனஅளவு 90 க.செ.மீ. உதாரணத்துக்கு, உங்கள் மணலின் மிகக் குறைந்த உலர் அடர்த்தி க.செ.மீ.க்கு 1.45 கிராம் என்றும் மிக அதிக அடர்த்தி 1.75 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ரிலேட்டிவ் டென்சிட்டி (மிகத் தளர்ந்த நிலை 0, மிக இறுகிய நிலை 100 என்ற அளவில் மணலின் நெருக்கம்) 40 சதவீதத்தில் பெட்டி கொள்ளும் மணல் 140 கிராம். 80 சதவீதத்தில் 151 கிராம். தளர்வுக்கும் இறுக்கத்துக்கும் நடுவே இருப்பது 11 கிராம் மணல். அதே 140 கிராமைப் போட்டு, மேல் தட்டைச் சற்று அழுத்தியதில் உயரம் 1 மி.மீ. குறைந்துவிட்டால், 40 என்று நினைத்தது 62 சதவீதம் ஆகிவிடும். தராசும் வெர்னியரும் இல்லாமல், மரக்கட்டையால் நாலு தட்டுத் தட்டி நிரப்பும் வழக்கம் எத்தனையோ இடங்களில் இருக்கிறது. தட்டிய மணல் நல்ல எண்ணைக் கொடுக்கும். அறிக்கையும் பார்க்க அழகாக இருக்கும்.

சோதனை நடக்கும்போது அருகில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். நறுக்கு விசையைக் காட்டும் புரூவிங் ரிங்கின் டயலை எல்லோரும் பார்ப்பார்கள்; நீங்கள் மேல் தட்டின் மீது நிற்கும் செங்குத்து டயல் கேஜைப் பாருங்கள். இறுக்கமான மணலாக இருந்தால், தொடக்கத்தில் முள் இம்மியளவு இறங்கிவிட்டுப் பின் தொடர்ந்து ஏறும். அந்த ஏற்றம் வேகமாக இருக்கும் கட்டத்தில்தான் புரூவிங் ரிங் உச்சத்தைத் தொட்டுத் திரும்பும். தளர்வான மணலில் முள் இறங்கிக்கொண்டே போகும், ரிங்கில் உச்சம் என்று தனியாக ஒன்று தெரியாது. உங்கள் அறிக்கையின் பின்னிணைப்பில் அந்த அளவீட்டுத் தாள் இருந்தால், அடர்த்தி எழுதப்படாவிட்டாலும் பெட்டிக்குள் எப்படிப்பட்ட மணல் இருந்தது என்பதை அந்த ஒரு நிரலே சொல்லிவிடும்.

கத்திவாக்கம் வாசி எழுதியது:

நான் பொறியாளன் அல்ல, வீடு கட்டப்போகிறவன், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மணி அதே மணி, அதன் உராய்வும் அதே உராய்வு. நெருக்கிப் போட்டால் கோணம் ஏன் கூட வேண்டும்?

நுண்துளை எழுதியது:

நல்ல கேள்வி. இதற்கு விடை உங்கள் ஊர்க் கடற்கரையிலேயே இருக்கிறது. அலை வடிந்த ஈர மணலில் காலை ஊன்றினால், பாதத்தைச் சுற்றி மணல் ஒரு கணம் வெளுத்து உலர்ந்ததுபோல் ஆகும். காலின் அழுத்தத்தால் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நகர வேண்டியிருக்கிறது. அதனால் இடைவெளி பெருகுகிறது. மேற்பரப்பில் நின்ற நீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. இந்தப் பருமன் விரிவை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885-இல் விளக்கினார். நெருக்கமாக அடுக்கப்பட்ட மணல் நறுக்கப்படும்போது விரிந்தாக வேண்டும். மேலிருந்து அழுத்தும் பாரத்துக்கு எதிராக விரிவதற்குக் கூடுதல் விசை தேவை. அந்தக் கூடுதல்தான் உச்சக் கோணத்தில் சேர்கிறது. விரிந்து முடிந்தபின் எந்த மணலும் தனக்குரிய மாறுநிலைக் கோணத்துக்கே வந்துவிடும். குவார்ட்ஸ் மணலுக்கு அது ஏறக்குறைய 33 பாகை.

எவ்வளவு சேர்கிறது என்பதற்கு போல்டன் 1986-இல் ஓர் எளிய வாய்பாட்டைத் தந்தார். ரிலேட்டிவ் டென்சிட்டியை, 10-லிருந்து சராசரி அழுத்தத்தின் இயல் மடக்கையைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கி, அதிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும். டிரையாக்சியல் நிலைக்கு அதன் 3 மடங்கு, தளத்திரிபு நிலைக்கு (ஒரு திசையில் திரிபே இல்லாத நிலை) 5 மடங்கு பாகைகள் மாறுநிலைக் கோணத்தோடு சேரும். 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், 40 சதவீத மணலுக்கு டிரையாக்சியலில் கூடுவது சுமார் 3.5 பாகை, 80 சதவீத மணலுக்கு சுமார் 10 பாகை. அழுத்தத்தை 300 கிலோபாஸ்கலாக உயர்த்தினால் அந்த 10 பாகை 7 ஆகக் குறைந்துவிடும்.

ஆகவே ஷியர் பெட்டி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 38-க்கும் 30-க்கும் உள்ள இடைவெளி முழுவதையும் நிரப்பியவரின் கைக்கே எழுதிவிடக் கூடாது. அடி எண்ணிக்கையிலிருந்து கோணம் காட்டும் வரைபடம் வேண்டுமென்றே தாழ்வாக வைக்கப்பட்டது. திருத்தாத எண்ணிக்கையைப் போட்டால் இன்னும் தாழும். நடுத்தர நெருக்கமுள்ள குவார்ட்ஸ் மணல் குறைந்த அழுத்தத்தில் 35, 36 பாகை காட்டுவது இயல்பு.

கொஹீஷன் பற்றியும் ஒரு சொல். உலர்ந்த சுத்தமான மணலுக்குக் கொஹீஷன் கிடையாது. அழுத்தம் கூடக் கூட விரிவு குறைவதால், உச்ச வலிமைப் புள்ளிகள் மெல்ல வளையும் கோட்டில் விழுகின்றன. அவற்றின் ஊடே நேர்கோட்டை இழுத்தால் அது அச்சை மேலே வெட்டுகிறது. பெட்டியின் உராய்வும் சேர்ந்துகொள்கிறது. அந்த 0.05-ஐத் தாங்குதிறன் கணக்கில் சேர்த்திருந்தால் அடித்துவிடுங்கள்.

ஷியர் பெட்டி எழுதியது:

நுண்துளை அம்மா சொல்வது சரியே. ஆனால் உச்சக் கோணத்தை அப்படியே வடிவமைப்பில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபுட்டிங்கின் (தூணின் அடித்தளத் தளமேடையின்) விளிம்பில் மணல் உச்சத்தைத் தாண்டிக் கீழிறங்கும் நேரத்தில், தள்ளியிருக்கும் மணல் இன்னும் உச்சத்தையே தொட்டிருக்காது. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் 38 கிடைப்பதில்லை. சில பாகைகள்தானே என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது. ஐ.எஸ். 6403 அட்டவணையில் 30 பாகைக்குத் தாங்குதிறன் காரணிகளான என்க்யூ 18.4, என்காமா 22.4. 35-க்கு அவை 33.3, 48.03. 40-க்கு 64.2, 109.41. பத்துப் பாகையில் ஒன்று மூன்றரை மடங்கும் மற்றொன்று ஐந்து மடங்குக்குச் சற்றே குறைவாகவும் பெருகுகின்றன. 11 கிராம் மணல் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

மேலும், ரிலேட்டிவ் டென்சிட்டி 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் முழு நறுக்கு முறிவு (கோணத்தைக் குறைக்காமல் கணக்கிடலாம்) என்று அதே விதித்தொகுப்பு சொல்கிறது. 20-க்குக் கீழே கோணத்தின் டேன்ஜென்ட் மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கப்படும், இடைப்பட்டதற்கு இடைமதிப்பு. எனவே அடர்த்தி தெரியாமல் கணக்கின் முதல் வரியையே எழுத முடியாது.

துளை மேஸ்திரி எழுதியது:

ஐயா, களத்து எண்ணும் கடவுள் வாக்கு அல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன். தண்டையார்ப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை கடலோர மணலில் பல துளைகள் போட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். துளைக்குள் இருக்கும் நீர், வெளியே உள்ள நிலத்தடி நீரைவிடத் தாழ்ந்துவிட்டால், அடியிலிருந்து மணல் கொதித்து மேலே ஏறும். குழைந்த அந்த மணலில் குழாயை அடித்தால் 20 வர வேண்டிய இடத்தில் 8 வரும். துளையிலிருந்து மண்ணை அள்ளும் பெய்லரை வேகமாக இழுத்தாலும் இதே கதைதான். மறுபக்கம், 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. தடையின்றி விழ வேண்டும். கயிற்றை உருளையில் சுற்றிக் கையால் விடும்போது கயிறு பிடித்துக்கொண்டால் விழும் வேகம் குறைந்து, எண்ணிக்கை கூடிவிடும். முதல் 15 செ.மீ.க்கான அடிகளையும் சேர்த்து எழுதிவிட்ட தாள்களையும் பார்த்திருக்கிறேன். துளை போட்ட நாளில் கேசிங் (துளைச் சுவரைத் தாங்கும் குழாய்) எவ்வளவு ஆழம், துளைக்குள் நீர் எங்கே நின்றது என்பதைப் பதிவேட்டில் கேட்டு வாங்குங்கள்.

ஒற்றியூர்ப் பொறியாளன் எழுதியது:

பதிவேட்டைக் கேட்டு வாங்குகிறேன், அண்ணா. டிரையாக்சியல் பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது. பெட்டியின் குறைகளை அது தீர்க்குமா? அமிழ்வுக் கணக்குக்கு மீட்சிக் குணகமும் அதிலிருந்தே கிடைக்கும் என்று படித்தேன்.

நுண்துளை எழுதியது:

பெட்டியில் முறிவுத் தளம் எங்கே என்பதை நாமே தீர்மானித்துவிடுகிறோம்; தகைவும் சீராகப் பரவுவதில்லை; திரிபு என்று ஒன்றை அதிலிருந்து பெறவே முடியாது, இடப்பெயர்ச்சி மட்டுமே கிடைக்கும். டிரையாக்சியலில் மெல்லிய ரப்பர் உறைக்குள் 38 மி.மீ. விட்டமும் 76 மி.மீ. உயரமும் கொண்ட உருளையாக மணலை நிறுத்தி, சுற்றிலும் நீரழுத்தம் கொடுத்து, மேலிருந்து அழுத்துகிறோம். நீர் வெளியேற விட்டுச் செய்தால், உள்ளே போகும் அல்லது வெளிவரும் நீரின் அளவே பருமன் மாற்றத்தைக் காட்டிவிடும். நீர் முழுமையாக நிறைந்திருக்கிறதா என்பதற்கு ஸ்கெம்ப்டன் 1954-இல் தந்த பி குணகத்தைப் பார்ப்போம். செல் அழுத்தத்தை உயர்த்தும்போது துளைநீர் அழுத்தம் குறைந்தது 95 சதவீதமாவது உடன் உயர வேண்டும். பருமணலில் ரப்பர் உறை மணிகளின் இடைவெளிக்குள் அமுங்கிப் பொய்யான பருமன் மாற்றத்தைக் காட்டும். அதற்குத் திருத்தம் உண்டு.

ஆனால் கருவி உயர்ந்ததால் மாதிரி உயர்ந்துவிடாது. இங்கும் மணலை நாமேதான் அடுக்குகிறோம். சம உயரத்திலிருந்து உலர் மணலைத் தூவுவது ஒரு முறை. ஈர மணலை அடுக்கடுக்காகத் தட்டுவது மற்றொன்று. தட்டும் முறையில் மேலடுக்கின் அடிகள் கீழடுக்கையும் இறுக்கிவிடும் என்பதால், கீழடுக்குகளைத் திட்டமிட்டே தளர்வாக வைக்கும் உத்தியை லாட் 1978-இல் விளக்கினார். ஒரே மணலை ஒரே அடர்த்தியில் இந்த இரு முறைகளிலும் செய்தால், உச்ச வலிமையைவிட விறைப்பில்தான் வேறுபாடு துலக்கமாகத் தெரியும். காரணம், மணிகள் எந்தத் திசையில் படுத்திருக்கின்றன என்பது மாறிவிடுகிறது. தரையில் நெடுங்காலம் கிடந்த மணல் அடைந்த பிணைப்பு இந்த மாதிரிகள் எதிலும் இருப்பதில்லை.

மீட்சிக் குணகத்துக்கு வருவோம். முதலாவது, மணலுக்கு ஒரே குணகம் என்று ஒன்று இல்லை. ஜன்பு 1963-இல் காட்டியபடி அது சுற்றழுத்தத்தின் ஏறக்குறைய வர்க்கமூலத்தோடு உயர்கிறது. அழுத்தம் நான்கு மடங்கானால் குணகம் இரண்டு மடங்கு. இரண்டாவது, திரிபு கூடக் கூடக் குணகம் சரிகிறது. இறுக்கமான மணல் டிரையாக்சியலில் உச்சத்தைத் தொடுவது சில சதவீதத் திரிபில்; தளர்ந்த மணலுக்கு 10 சதவீதத்துக்கு மேலும் போகும். நல்ல கட்டடத்தின் கீழே மணல் காணும் திரிபு ஒரு சதவீதத்தின் சிறு பின்னமே. அந்தச் சிறு பகுதியைச் சாதாரணக் கருவியில், வெளியே பொருத்திய டயல் கேஜால் அளந்தால், மூடித்தட்டும் மணலும் ஒன்றோடொன்று படிந்து அமர்வதைத்தான் பெரும்பாலும் அளப்போம். குணகம் உண்மையைவிடக் குறைந்து வரும். மாதிரியின் நடுப்பகுதியிலேயே ஒட்டிய உணரிகள் இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. உச்சத்துக்குப் பிறகோ வேறொரு சிக்கல். உருக்குலைவு முழுவதும் மணியின் விட்டத்தைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு தடிமனுள்ள ஒரு பட்டைக்குள் ஒதுங்கிவிடுகிறது. முழு உயரத்துக்கும் சராசரி எடுத்த திரிபு அதன்பின் எதையும் குறிப்பதில்லை.

ஷியர் பெட்டி எழுதியது:

இந்த விளக்கத்தைப் படித்தபின் தம்பிக்கே தெரிந்திருக்கும்: நான்கு தளக் குடியிருப்புக்கு டிரையாக்சியலில் பணம் போடுவது வீண். ஆராய்ச்சிக்கும் பெரிய துறைமுகச் சுவர்களுக்கும் அது தேவை. இங்கே அமிழ்வுதான் முடிவைத் தீர்மானிக்கும். அதற்குக் களச் சோதனையே வழி.

பிளேட் லோடு சோதனை (தரையில் தட்டு வைத்துப் பாரம் ஏற்றி அமிழ்வை அளப்பது) செய்யலாம் என்று ஒப்பந்தக்காரர் அடுத்துச் சொல்வார். செய்யட்டும். ஆனால் 30 செ.மீ. தட்டு கண்ட அமிழ்வு 2 மீட்டர் ஃபுட்டிங்குக்கு ஐ.எஸ். 1888 சூத்திரப்படி 3 மடங்காகும் என்பதை மறக்க வேண்டாம். அந்தத் தட்டின் அழுத்தம் அதன் அகலத்தைப்போல் இரு மடங்கு, அதாவது சுமார் 60 செ.மீ. ஆழம் வரைதான் குறிப்பிடத்தக்க அளவில் இறங்கும். 3 மீட்டரில் அடி எண்ணிக்கை 9 காட்டிய அந்த மணலுக்குத் தட்டு நிற்பதே தெரியாது.

கத்திவாக்கம் வாசி எழுதியது:

எங்கள் பக்கம் மணலில் சிப்பித் துண்டுகள் நிறைய, கழிமுகத்தை ஒட்டிய மனைகளில் அனல் நிலையச் சாம்பலும் கலந்திருக்கிறது. இந்தக் கணக்குகள் அதற்கும் பொருந்துமா? சிமெண்ட் சோதனைக்கு நாடு முழுவதும் போகும் எண்ணூர் மணல் நல்ல மணல்தானே?

ஷியர் பெட்டி எழுதியது:

ஐ.எஸ். 650 குறிப்பிடும் எண்ணூர் நிலைத்தர மணல் 2 மி.மீ. முதல் 90 மைக்ரான் வரை மூன்று தரங்களாகச் சலித்துப் பிரித்த குவார்ட்ஸ் மணல். உங்கள் மனையில் தோண்டி எடுப்பது அதுவாகாது. ஆனால் அந்த மணல் ஆய்வகத்துக்கு வேறு விதத்தில் உதவும்: ஷியர் பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, அதே எடையில் அதை நிரப்பி அவ்வப்போது ஓட்டிப் பார்க்கலாம்.

சாம்பல் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. 75 மைக்ரான் சல்லடையைத் தாண்டுவது 12 சதவீதத்துக்கு மேற்பட்டால், ஐ.எஸ். 2720 பதினான்காம் பாகத்தின் ரிலேட்டிவ் டென்சிட்டி சோதனையே அந்த மண்ணுக்குப் பொருந்தாது. சிப்பி அதிகமிருந்தால் உயர் அழுத்தத்தில் நொறுங்கும்; சோதனைக்கு முன்னும் பின்னும் சலித்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கருமணல் கோடு ஓடும் இடமானால் ஸ்பெசிஃபிக் கிராவிட்டியை 2.65 என்று ஊகிக்காமல் பிக்னோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். கனத்த தாதுக்கள் வெற்றிட விகிதக் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஒற்றியூர்ப் பொறியாளன் எழுதியது:

அளவீட்டுத் தாள் கிடைத்துவிட்டது. பெட்டியில் இட்ட மணல் 152 கிராம். செங்குத்து டயல் மூன்று சோதனைகளிலும் ஏறியிருக்கிறது. குறைந்த, மிகுந்த அடர்த்திச் சோதனைகள் செய்யப்படவே இல்லை. என் வேண்டுகோளின்பேரில் அவற்றைச் செய்து, களத்து எண்ணிக்கைக்கு ஏற்ற 141 கிராமில் மறுபடி ஓட்டியதில் 34 பாகை வந்திருக்கிறது, கொஹீஷன் பூஜ்யம். துளைப் பதிவேட்டில் நீர்மட்டம் சரியாகப் பராமரிக்கப்பட்டதாகவே தெரிகிறது. மணலை நீரில் மூழ்கவைத்தும் சோதிக்க வேண்டுமா?

ஷியர் பெட்டி எழுதியது:

சுத்தமான மணலின் கோணம் நீரால் அதிகம் மாறாது. மூழ்கவைத்தால் ஒரு பாகை முன்பின் இருக்கலாம். நீர் வேறிடத்தில் அடிக்கும். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஃபுட்டிங்கின் அடிக்கு ஏறிவிட்டால், என்காமா உள்ள உறுப்பை 0.5 ஆல் பெருக்க வேண்டும். அறிக்கை 1.8 மீட்டரை வைத்துக் கணக்கிட்டிருந்தால், துளை போட்டது எந்த மாதம் என்று பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றை இதுவரை யாரும் எழுதவில்லை. 2002 திருத்தத்தில் சென்னை நிலநடுக்க மண்டலம் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றப்பட்டது. நீர்மட்டத்துக்குக் கீழுள்ள மணலுக்கு 5 மீட்டர் ஆழத்துக்குள் திருத்திய அடி எண்ணிக்கை குறைந்தது 15 இருக்க வேண்டும் என்று நிலநடுக்க விதித்தொகுப்பான ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு அந்த மண்டலத்துக்குச் சொல்கிறது. உங்கள் 9-உம் 11-உம் திருத்தியபின் அந்த வரம்பைத் தொடுமா என்பது ஐயமே. 1964-இல் நிகாட்டாவில் கட்டடங்கள் உடையாமல் அப்படியே சாய்ந்து படுத்தது இப்படிப்பட்ட தளர்ந்த, நீர் நிறைந்த மணலில்தான். விதித்தொகுப்பின் 2016 பதிப்பிலுள்ள இணைப்பின்படி ஒவ்வொரு ஆழத்துக்கும் மணல் குழைவுக் (அதிர்வில் நீர் நிறைந்த மணல் திரவம்போல் ஆவது) கணக்கைப் போடுங்கள். அதில் தேறாவிட்டால் 34 பாகையா 38 பாகையா என்ற பேச்சுக்கே இடமில்லை. மணலை இறுக்கவோ, பைலுக்குப் போகவோ வேண்டியிருக்கும்.

நுண்துளை எழுதியது:

அந்தக் கணக்குக்கு ஒவ்வொரு ஆழத்து மாதிரியிலும் 75 மைக்ரானுக்குக் கீழுள்ள பங்கு எவ்வளவு என்பது தேவைப்படும். நுண்துகள் 5 சதவீதத்தைத் தாண்டும்போது எண்ணிக்கைக்குத் தனித் திருத்தம் உண்டு. 1.5 மீட்டர் மாதிரியை மட்டும் சலித்திருந்தால், 3, 4.5, 6 மீட்டர் பைகள் இன்னும் ஆய்வகத்தில் இருக்கின்றனவா என்று உடனே விசாரியுங்கள். அறிக்கை கொடுத்த சில வாரங்களில் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

ஒற்றியூர்ப் பொறியாளன் எழுதியது:

விசாரித்தேன். 3 மீட்டர், 4.5 மீட்டர் பைகள் இருக்கின்றன; 6 மீட்டர் பை இல்லை. இருப்பதை ஈரச் சலிப்புக்குக் கொடுத்துவிட்டேன். 6 மீட்டருக்காகவும், களிமண்ணின் தொடக்கத்தைச் சரிபார்க்கவும் மனையின் மறுமூலையில் இன்னொரு துளைக்கு உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். கேசிங் ஆழமும் துளைநீர் மட்டமும் ஒவ்வொரு சோதனைக்கும் முன் எழுதப்பட வேண்டும் என்பதைப் பணி ஆணையிலேயே சேர்த்திருக்கிறேன்.